ஐந்து வயது மகனுக்கு ஜின்பெய்யா, யுகாத்தாவா?

கேள்வி: யோகோஹாமாவில் குடியிருக்கிறோம். மகனுக்கு 5 வயது, உயரம் 107 செ.மீ. பாலர் பள்ளியில் நட்சுமட்சுரி என்ற கோடைத் திருவிழாவுக்கு ஜப்பானிய உடையில் அனுப்பச் சொல்கிறார்கள். எதை வாங்குவது, எப்படிக் கட்டிவிடுவது?

பதில்: ஜின்பெய் வாங்குங்கள். யுகாத்தா என்ற மெல்லிய கோடைக் கிமோனோ கணுக்கால் வரை தொங்கும். இடுப்பில் ஹெகோ ஓபி என்ற மெத்தென்ற துணிப்பட்டையைச் சுற்றிக் கட்ட வேண்டும். ஓடியாடுகிற பிள்ளைக்கு அது சீக்கிரம் நெகிழ்ந்து காலைத் தடுக்கும். கழிவறைக்குப் போய்வந்தால் மறுபடி கட்டிவிட ஆள் வேண்டும். ஜின்பெய் என்பது மேல்சட்டையும் அரைக்கால்சட்டையும்தான். இடுப்பில் எலாஸ்டிக் இருப்பதால் அவனே சமாளித்துக்கொள்வான்.

கடையில் முதலில் தோள்பட்டையைப் பாருங்கள். நல்ல ஜின்பெய்யில் கையும் உடம்பும் சேரும் இடத்தை முழுக்கத் தைத்து அடைத்திருக்க மாட்டார்கள். இடைவெளி விட்டு, ஏணிப்படி போல நூலால் இணைத்திருப்பார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் காற்று போய்வரும். விரல் நுனி நுழைகிறதா என்று தொட்டுப் பாருங்கள். துணி பருத்தி, அல்லது பருத்தியும் லினனும் கலந்ததாக இருக்கட்டும். தோகுஷிமா பக்கத்து 'ஷிஜிரா' நெசவு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். சுருக்கம் சுருக்கமாக இருப்பதால் வியர்த்தாலும் உடம்பில் ஒட்டாது. பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம், அந்தப் புழுக்கத்தில் பிள்ளை பாவம்.

அளவு உயரக் கணக்கில்தான் போட்டிருக்கும். உங்கள் மகனுக்கு 110 சரி. வளரும் பிள்ளையாயிற்றே என்று 120 எடுத்தால் கழுத்து அகன்று தோளிலிருந்து வழுக்கும். தும்பிப் படம் போட்டது கிடைத்தால் அழகு: தும்பி முன்னால்தான் பறக்கும், பின்வாங்காது என்று அதை 'வெற்றிப் பூச்சி' என்பார்கள். பையன்கள் உடையில் அதற்குத் தனி மரியாதை.

கட்டும்போது மட்டும் கவனம் தேவை. அவனுடைய வலப்பக்கத் துணியை முதலில் உடம்போடு சேர்த்து, அதன் நாடாவை இடப்பக்கம் உள்ளே முடியுங்கள். மேலே இடப்பக்கத் துணியைப் போர்த்தி, வலப்பக்கம் வெளியே முடியுங்கள். எதிரே நின்று கட்டுவதால் இடம் வலம் குழம்பும். முடித்ததும் கழுத்துப் பட்டி உங்கள் கண்ணுக்கு ஆங்கிலச் சின்ன 'ஒய்' எழுத்துப் போலத் தெரிந்தால் சரி. மாற்றிப் போடுவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. ஆகவே அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதே முறைதான்.

காலுக்குக் கெத்தா என்ற மரச்செருப்பு பார்க்க அழகுதான், ஆனால் அதன் வார் விரலிடுக்கில் உரசிக் கொப்புளமாக்கும். பழகிய செருப்பையே போடுங்கள். கருநீலத் துணியானால் சாயம் போகக்கூடும். முதல் சலவையைத் தனியாகப் போடுங்கள். நாடாக்களை முடிந்து, வலைப்பையில் போட்டால் மெஷினில் சிக்காது.