சீசன் தொடங்கும் முன்பே ஒரு கல்லூரி அணியின் அஃபென்சிவ் லைனை எடைபோடுவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அஃபென்சிவ் லைன் என்பது, பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து பேர். போன வருடம் ஆடிய அந்த ஐந்து பேரில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

மிச்சிகன் பல்கலைக்கழக அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் நாட்டின் சிறந்த அஃபென்சிவ் லைனுக்கான ஜோ மூர் விருதை வென்றது. அடுத்த சீசனுக்கு அதன் சென்டர், அதாவது வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவர், இல்லை. சாதாரண இழப்பல்ல இது. எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, யார் யாரைத் தடுப்பது என்று பந்து நகரும் முன்பே குரல் கொடுப்பவர் சென்டர்தான். ஆனால் வர்ஜீனியாவிலிருந்து ஒலுசெகுன் ஒலுவாட்டிமி மாறி வந்தார். 2022-இல் அவுட்லேண்ட் (வரிசையின் உட்பகுதியில் ஆடும் சிறந்த வீரருக்கானது), ரிமிங்டன் (சிறந்த சென்டருக்கானது) இரண்டு விருதுகளும் அவருக்கு; ஜோ மூர் மறுபடியும் மிச்சிகனுக்கு.

ஆகவே தலைகளை எண்ணுவதோடு நிற்காதீர்கள். எந்த இடம் காலி, அங்கே வருபவர் கல்லூரி அளவில் எவ்வளவு ஆடியிருக்கிறார் என்று பாருங்கள். அப்புறம், மாற்று ஆட்கள். நான் அதிகம் கவனிப்பது இதைத்தான். சீசன் நடுவே ஒரு டேக்கிளுக்கு (வரிசையின் ஓரத்தில் நிற்பவருக்கு) காயம் பட்டால் ஆறாவது, ஏழாவது ஆள்தான் அணியைக் காப்பாற்ற வேண்டும்.

வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதில் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை) இடித்து வீழ்த்த விடமாட்டார்கள்; அதனால் லைன் அவரை எவ்வளவு காக்கிறது என்பது சரியாகத் தெரியாது.