ஒரே குளிசை, இரண்டு றிப்போட்

கேள்வி: எனக்கு 54 வயது. நானும் கணவரும் கொலஸ்ட்ரோலுக்குக் கிளினிக்கில் தரும் அற்றோவாஸ்ரற்றின் 20 மில்லிகிராம் குளிசையை மூன்று மாதமாக இரவில் போடுகிறோம். அவருக்கு எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) 162இலிருந்து 88க்கு இறங்கிவிட்டது. எனக்கு 158 இருந்தது 131தான் ஆனது. வெள்ளிக்கிழமை விரதம், இரவுச் சாப்பாடு இல்லாததால் குளிசையும் போடுவதில்லை. களைப்பும் கால் உளைவும் இருக்கிறது. இரண்டு குளிசையாகப் போடட்டுமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: வேண்டாம். இந்த மருந்தின் அளவை இரட்டித்தால் எல்.டி.எல். மேலதிகமாகக் குறைவது ஏறத்தாழ 6 சதவீதம்தான். 20 மில்லிகிராமுக்குச் சராசரியாக 40 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைய வேண்டும். கணவருக்கு 46, உங்களுக்கு 17. இந்த இடைவெளியை இன்னொரு குளிசை நிரப்பாது.

சாப்பாட்டையும் குறை சொல்ல முடியாது. தேங்காய்ப்பால் சொதி இருவருக்கும் ஒரே சட்டியில்தானே!

வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்குவோம். அற்றோவாஸ்ரற்றினுக்குச் சாப்பாடு தேவையில்லை, இரவுதான் என்றும் இல்லை. காலையில் போட்டாலும் ஒன்றுதான். (இரவில் போடச் சொல்வது சிம்வாஸ்ரற்றின் என்ற இன்னொரு கொலஸ்ட்ரோல் மருந்துக்கு, அது உடலில் சில மணிநேரமே நிற்கும்.) ஆனால் வாரத்தில் ஒரு நாள் விட்டதால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் வராது. அடுத்த கிளினிக்குக்கு முதல்நாள் உறையில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மாத உறையில் வெள்ளிக்கிழமைகளுக்கான நாலைந்துக்கு மேல் இருந்தால் வேறு நாட்களும் தவறியிருக்கின்றன. மறந்த குளிசைக்காக அடுத்த நாள் இரண்டு போடக் கூடாது.

எண்ணிக்கை சரியென்றால் என் சந்தேகம் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில். அது மந்தமானால் கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை உறிஞ்சுவது குறைந்துவிடும். மருந்து போட்டும் அளவு இறங்காது. களைப்பும் தசை உளைவும் அதனாலேயே வரலாம், மருந்தின் தசைநோவும் கூடும். உங்கள் வயதுப் பெண்களிடம் இது அபூர்வமல்ல. ரி.எஸ்.எச். என்ற தைரொயிட் இரத்தப் பரிசோதனை ஒன்று எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

அதுவும் சரியென்றால் பிறவி வேறுபாடு. சிலருக்குக் கல்லீரல் கொலஸ்ட்ரோலைக் குறைவாக உற்பத்தி செய்யும், குடல் அதிகமாக உறிஞ்சும். அற்றோவாஸ்ரற்றின் தடுப்பது உற்பத்தியை; ஆகவே இவர்களுக்குப் பலன் குறைவு. குடலில் வேலை செய்யும் எசெற்றிமைப் 10 மில்லிகிராமை வைத்தியர் சேர்த்துத் தரலாம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் இதே வகை மருந்தான றொசுவாஸ்ரற்றின் 20 மில்லிகிராம் அனுப்பினால் நீங்களாக மாற்றிவிடாதீர்கள். ஆசியர் பலரின் இரத்தத்தில் அதன் அளவு வெள்ளையரைவிட ஏறக்குறைய இருமடங்காக ஏறுகிறது. அதனால் 5 மில்லிகிராமில்தான் தொடங்குவார்கள்.

மாற்றம் எதுவானாலும் 4 முதல் 12 வாரத்துக்குள், முடிந்தால் அதே ஆய்வுகூடத்தில், மறுபடி சோதியுங்கள். கால் உளைவைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள், தேவையென்றால் தசைப் பாதிப்பைக் காட்டும் சி.கே. இரத்தப் பரிசோதனை செய்வார்கள். தசைநோ கடுமையாகி, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் குளிசையை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.