மளிகைப் பை அடுப்படி வரை போகட்டும்: வாசகர் கேள்வி பதில்

நீலகிரியில், வீட்டை விட்டு வெளியே வர இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் மளிகை கொண்டுபோய்க் கொடுப்பது பற்றி வந்த கடிதங்களில் நான்கு.

நாங்கள் ஏழெட்டுப் பேர் பணம் போட்டு, தனியாக வசிப்பவர்களுக்கு மாத மளிகை தரப் போகிறோம். என்னென்ன, எவ்வளவு வைப்பது?
வாசகி, குன்னூர்

அரிசியிலிருந்து தொடங்காதீர்கள். பெரும்பாலான வீடுகளுக்கு ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும். அதை வாங்கி வர ஆள் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் உங்கள் பணம் மற்ற சாமானுக்குப் போகட்டும்.

ஒருவருக்கு மாதம் ஒன்றரை கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், கேழ்வரகு மாவோ கோதுமை மாவோ இரண்டு கிலோ, ரவை ஒரு கிலோ, சர்க்கரை அரை கிலோ, டீத்தூள் கால் கிலோ, கல் உப்பு அரை கிலோ, மிளகாய்த்தூள், மல்லித்தூள், சீரகம், குளியல் சோப்பு, துணி சோப்பு. முட்டையும் காய்கறியும் இரண்டு தவணையாகப் போகட்டும்.

பருப்பில் மலைக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பழைய துவரையும் கொண்டைக்கடலையும் குக்கர் இல்லாமல் லேசில் வேகாது, கேஸ்தான் தீரும். ஒரே கையால் குக்கர் மூடியைத் திருக முடியாதவர் வீட்டுக்குப் பாசிப்பருப்போ மைசூர்ப் பருப்போ கொடுங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டிலில் உறைந்தால் கையில் பலம் இல்லாதவரால் எடுக்கவே முடியாது. அகல வாய் டப்பாவில் ஊற்றிக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் அரை கிலோ அளவில் பிரித்துக் கட்டுங்கள். ஐந்து கிலோ மாவுப் பையைச் சக்கர நாற்காலியில் இருந்தபடி சரித்துக் கொட்டுவது பெரும்பாடு. பார்வையற்றவருக்கு உப்பு டப்பாவில் ஒரு ரப்பர் பேண்டு, சர்க்கரையில் இரண்டு என்று அவரே சொல்லும் அடையாளம் போடுங்கள். அடுத்த மாதமும் அதே டப்பா, அதே அடையாளம் இருக்க வேண்டும். மாற்றினால் டீயில் உப்பு விழும். காலி டப்பாவை வாங்கிக்கொண்டு நிரப்பிய டப்பாவைக் கொடுப்பது நல்ல முறை. பிளாஸ்டிக் பைக்குத் தடையுள்ள மாவட்டத்தில் அதுவே வசதி, ஈரத்தில் மாவும் கட்டி தட்டாது.

விழுங்கச் சிரமப்படுபவருக்கு அவல், பொரி, நிலக்கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும். கஞ்சி காய்ச்சச் சத்துமாவு கொடுங்கள். முதுகுத்தண்டு அடிபட்டுப் படுக்கையில் இருப்பவருக்குப் படுக்கைப்புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பைக் கூட்டுங்கள். சிறுநீரக நோய் உள்ளவருக்கு மட்டும் புரதமோ பழமோ மருத்துவர் சொன்ன அளவு தெரிந்த பிறகுதான்.

பயனாளி கதவு திறக்கத் தாமதமானால் பையை வாசலில் வைத்துவிட்டு வரலாமா? ஒரே நாளில் 15 வீடு போக வேண்டியிருக்கிறது.
வாசகர், கோத்தகிரி

கூடாது. குரங்கு பையைக் கிழிக்க ஐந்து நிமிடம் போதும். கோத்தகிரிப் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கரடியும் வரும். ஓட முடியாத ஒருவர் வீட்டு வாசலில் அந்த வாசனையை விட்டுவிட்டு வருவது அவரை ஆபத்தில் விடுவது.

முந்தின நாளே போன் செய்து நேரம் சொல்லுங்கள். காது கேளாதவருக்கு மெசேஜ் அனுப்புங்கள். கதவைத் தட்டிப் பயனில்லை, ஜன்னலில் டார்ச் அடித்தால் தெரியும். ஊன்றுகோலோடு எழுந்து வருபவருக்குப் பத்து நிமிடம் ஆகலாம், காத்திருங்கள். 15 வீடு ஒரு நாளைக்கு அதிகம் என்றால் இரண்டு நாளாக்குங்கள். மாலை ஐந்துக்குள் முடித்துவிடுவதும் நல்லது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீட்டுக்கும், ஹட்டி என்னும் படுகர் ஊருக்கும் வண்டி நிற்கும் இடத்திலிருந்து படி இறங்க வேண்டியிருக்கும். பத்து கிலோவை ஒரே மூட்டையாகக் கட்டாமல் ஐந்து ஐந்தாகத் தோள்பையில் பிரித்தால் ஒரு கை கைப்பிடியைப் பிடிக்கக் காலியாக இருக்கும். உள்ளே போனதும் எங்கே வைக்கட்டும் என்று கேட்டு, அவர் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். மேல் அலமாரியில் அடுக்கியது அவருக்கு இல்லாத மாதிரிதான்.

மழையில் பாதை அடைபட்டால் என்ன செய்வது? கூடலூர்ப் பக்கம் வீட்டில் அரிசி சேர்த்து வைக்கவே பயப்படுகிறார்கள்.
வாசகி, பந்தலூர்

அவர்கள் பயம் சரியானது. அரிசி வாசனைக்கு யானை சுவரை இடிக்கும். ஆனால் உங்கள் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் பல நாள் நடமாட முடியாது, கையிருப்பும் வேண்டும். எனவே பத்து நாள் சாமானை ஊருக்குள் கான்கிரீட் கட்டடத்தில், மகளிர் குழு அறையிலோ மளிகைக் கடையிலோ, பெயர் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வாரம் ஒரு முறை கொஞ்சமாகக் கொண்டுபோங்கள். குன்னூர், கோத்தகிரிக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து. மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்தால் கடைக்கே சரக்கு வராது. அங்கே செப்டம்பர் கடைசியில் கூடுதல் பை கொடுத்துவிடலாம். அதில் அடுப்பில்லாமல் சாப்பிடும் பொருள் இருக்கட்டும்: அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை. மாத்திரையும் தீராமல் இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள்.

எனக்குக் கால் நடக்காது, அம்மாவுக்கு 74 வயது. ஒரு குழு தரும் பையில் எப்போதும் ரவைதான் அதிகம். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவார்களோ? பை வாங்கும்போது போட்டோவும் எடுக்கிறார்கள்.
வாசகி, ஊட்டி

தைரியமாகச் சொல்லுங்கள் அம்மா. "ரவை அரை கிலோ போதும், அந்தக் காசுக்குப் பாசிப்பருப்பு தாருங்கள்" என்று பொருளும் அளவும் சொன்னால் அவர்களுக்கும் வாங்க எளிது. போட்டோவுக்குச் சம்மதம் உங்களுடையது. மறுத்தால் பையை நிறுத்தும் உரிமை யாருக்கும் இல்லை. குழுக்களுக்கு எங்கள் வேண்டுகோள்: நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டக் கடை பில்லும் கையெழுத்துப் பட்டியலும் போதும், முகம் வேண்டாம்.

ரேஷனையும் விடாதீர்கள். 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டம், வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதற்கானது. உங்கள் அட்டை பட்டியலில் இருக்கிறதா என்று ரேஷன் கடையில் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், குடும்ப அட்டை, ஆதார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மூன்றின் நகலோடு வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். உங்களுக்காக வேறொருவர் வாங்கிவர அங்கீகாரப் படிவமும் உண்டு. அதில் எழுதும் ஆள் மாதாமாதம் தவறாமல் போகக்கூடியவராக இருக்கட்டும். தேயிலை பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாமல் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. அம்மாவுக்கு அப்படி ஆனால், கருவிழிப் பதிவு செய்யக் கேளுங்கள்.