அசையாத வேளை

வாசகர் கடிதம்:

அன்புள்ள ஐயா,

நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். உயர்தரம் எடுத்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறேன். மாமா தந்த பழைய கமராவும் 18–55, 55–250 லென்ஸ்கள் இரண்டும் என்னிடம் உள்ளன. பூவில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிகளை மக்ரோவாக, அதாவது மிக நெருக்கமாக, எடுக்கப் பழகுகிறேன். கோட்டைக்குள்ளும் கன்னியாப் பக்கமும் போய் ஆயிரம் படம் எடுத்திருப்பேன். கண் தெளிந்தால் செட்டை கலங்குகிறது, செட்டை தெளிந்தால் கண் கலங்குகிறது. 60 மில்லிமீற்றர், 100 மில்லிமீற்றர் மக்ரோ லென்ஸ்களில் எதை வாங்குவது? பிளாஷும் தேவையா? பூச்சியைப் பத்து நிமிடம் பிரிட்ஜில் வைத்தால் ஆடாமல் இருக்கும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். ஒருமுறை செய்து பார்த்தேன், தெளிவாக வந்தது. அந்தப் படத்தை இணைத்துள்ளேன். எங்கள் வளவில் அலரியும் தேசியும்தான் நிற்கின்றன. அலரியடியில் மணிக்கணக்காக நின்றும் ஒன்றும் வந்து இருப்பதில்லை. தேசியில் புழு வந்தால் அம்மா மருந்தடித்துவிடுவா. வேறு பூச்செடி நடட்டுமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

லென்ஸ் இப்போது வாங்க வேண்டாம். உங்கள் கமராவில் படம் விழும் தகடு, சென்சர், ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் அகலம். 1:1 மக்ரோவில், அதாவது பொருள் தன் உண்மை அளவிலேயே சென்சரில் விழும்போது, அதே 22 மில்லிமீற்றர் இடம்தான் படத்தை நிரப்பும். தேசி வண்ணத்துப்பூச்சி செட்டையை மூடிக்கொண்டு இருந்தாலே நாலைந்து சென்ரிமீற்றர் வரும். அதை முழுதாக எடுக்க 1:1 எதற்கு? உங்கள் 55–250 லென்ஸ், 250 மில்லிமீற்றரில் ஒரு மீற்றர் அளவு தள்ளி நின்றே உண்மை அளவில் 0.3 மடங்கு தரும். பூவும் பூச்சியும் அதில் அடங்கும். புல்நுனியில் இருக்கும் நகமளவு நீலப் பூச்சிகளுக்கு மட்டும் அது போதாது. அப்போது லென்ஸின் முன்னால் ரேனொக்ஸ் டிசிஆர்-150 போன்ற நெருக்க வில்லை ஒன்றைக் கொழுவுங்கள். அதன் வலு 4.8 டயொப்டர், 20 சென்ரிமீற்றர் தள்ளி நின்று 1:1ஐத் தாண்டலாம். மலிவான ஒற்றைக் கண்ணாடி வில்லைகள் 250இல் ஓரமெல்லாம் ஊதாவாகக் கசியும், அவை வேண்டாம். பிளாஷும் இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது பிரிட்ஜ்தான். இப்படி எடுத்த படங்கள் அடிக்கடி கண்ணில் படுவதால் சில நாளாகவே இதை எழுத வேண்டும் என்றிருந்தேன்.

தெளிவாக வந்தது என்கிறீர்கள். அந்தப் படத்தைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். கால்கள் பூவைப் பற்றவில்லை. இதழின் மேல் பரந்து கிடக்கின்றன. உறிஞ்சுகுழல் சுருண்டபடியே இருக்கிறது. பூவில் இருந்தும் தேன் குடிக்காத பூச்சி அது. முன்செட்டையின் ஓரத்தில் ஒரு பட்டை தேய்ந்திருக்கிறது, உங்கள் விரல் பட்ட இடம். செட்டையின் நிறம் முழுவதும் கூரை ஓடுபோல் அடுக்கிய செதில்கள்தான். உதிர்ந்தால் திரும்ப முளைக்காது. உணர்கொம்பில் நிற்கும் துளியைப் பனி என்று நினைத்தீர்களா? குளிர்ந்த சோடாப் போத்தல் நம்முடைய கடற்கரைக் காற்றில் வேர்க்கிறதே, அதே வேர்வை.

வண்ணத்துப்பூச்சி வெயிலில் காய்ந்து சூடேற்றிக்கொள்ளும் உயிர். நெஞ்சுத் தசை 30 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடானால்தான் அது ஒழுங்காகப் பறக்கும். பிரிட்ஜின் 4 பாகைக் குளிரிலிருந்து வெளியே வந்த பூச்சி, திரும்பச் சூடாகும் வரை எறும்புக்கும் ஓணானுக்கும் தப்பி ஓட வழியில்லாமல் கிடக்கும். ஒரு படத்துக்காக அதைச் செய்ய உங்களுக்கு எப்படி மனம் வந்தது? இனி ஒருபோதும் செய்யாதீர்கள்.

நீங்கள் தேடுகிற அசையாமை ஒவ்வொரு விடியலிலும் நம்முடைய வேலிகளில் தானாகவே இருக்கிறது. இரவு முழுதும் ஆறிய உடம்போடு பூச்சி இலைக்கடியிலும் புல்நுனியிலும் தொங்கும். பொழுதுபடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போய் எது எங்கே அடைகிறது என்று பார்த்து வையுங்கள். மறுநாள் வெளிச்சம் வந்தவுடன் அங்கே நில்லுங்கள். கீழ்க்கரையில் மலை மறைப்பில்லை. கடலுக்கு மேலே வந்த வெயில் நேராகச் செடியில் விழும். வெயில் பட்டதும் அது செட்டையை விரித்துக் காயத் தொடங்கும். அந்தக் கால் மணி நேரத்தில் மேல்செட்டைப் படம் எடுத்துவிடுங்கள். பிறகு முதற்பறப்பு, முதற்பூ. பசியோடு குடிக்கிற பூச்சி நிழல் விழாத வரைக்கும் உங்களைப் பொறுத்துக்கொள்ளும். தாழக் குனிந்து, வெயிலை மறைக்காமல், ஒரேயடியாக அல்லாமல் அடியடியாகப் போங்கள்.

அசையாமல் இருந்தும் கலங்குவதற்குக் காரணம் சொல்கிறேன். எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சுருங்கும். எஃப் 8இல், 0.3 மடங்கில் முன்பின்னாகத் தெளிவாக விழும் தடிப்பு நாலு மில்லிமீற்றர்தான். 0.5இல் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. 1:1இல் அரை மில்லிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். எஃப் 22 வைத்துத் தப்பலாம் என்று பார்க்காதீர்கள்: 1:1இல் அது எஃப் 44 போலச் செயற்பட்டு, ஒளி சிதறிப் படம் முழுதும் மந்தமாகிவிடும். எஃப் 8 முதல் 11 வரை போதும். மூடிய செட்டை ஒரு தட்டையான பலகை மாதிரி. கமராவின் பின்பக்கம் அந்தப் பலகைக்கு இணையாக நின்றால் கண், உடல், செட்டை மூன்றும் ஒரே தடிப்புக்குள் வந்துவிடும். படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். கண் தெளிந்து பின்செட்டை நுனி கலங்கினால் இடமோ வலமோ நகருங்கள். செட்டையின் மேல்விளிம்பு கலங்கினால் குனியவோ நிமிரவோ வேண்டும். போகஸைக் கையால் ஒரு தூரத்தில் நிறுத்திவிட்டு உடம்பை முன்னே பின்னே மெதுவாக ஆட்டி, கண் தெளிகிற கணத்தில் ஐந்தாறு படம் தொடர்ச்சியாக எடுங்கள். ஷட்டர் வேகம் 1/500 விநாடி. தேசி வண்ணத்துப்பூச்சி குடிக்கும்போதும் செட்டையை அடித்துக்கொண்டே இருக்கும், அதற்கு 1/1000க்கு மேல் வேண்டும்.

காற்றைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. பூ உங்களுக்குக் குறுக்காக ஆடினால் 1/500 அதை நிறுத்திவிடும். உங்களை நோக்கி வந்து போனால் எந்த வேகமும் உதவாது. தெளிவாக விழும் அந்தத் தடிப்பைப் பூ தாண்டிவிடும். ஆகவே காற்று உங்கள் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு வீசுகிற மாதிரி நில்லுங்கள். ஒரு தடியை நட்டு, உடுப்புக் கொழுவும் கிளிப்பால் பூத்தண்டைப் பிடித்தும் வைக்கலாம், பூச்சி வருமுன்னே. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று எழும்பினால் பகலில் கோணேசர் மலைப் பக்கம் போவது வீண். மாரி ஓய்ந்து பற்றைகள் பச்சையாக நிற்கும் தை, மாசிதான் நம்முடைய நல்ல காலம்.

அலரியில் எதுவும் வந்து இருக்காததற்கு உங்கள் கமரா பொறுப்பல்ல. அலரிப் பூவில் தேன் இல்லை. ஆனால் அந்த மரத்தை விட்டுவிடாதீர்கள்: செட்டையோரத்தில் வெள்ளைப் புள்ளியுள்ள கறுப்பு வண்ணத்துப்பூச்சி அலரி இலையில் முட்டையிடும், அதன் கூட்டுப்புழு வெள்ளிக் குமிழ்போல் மின்னும். தேனுக்கு வழியோரத்து உண்ணிச்செடியைப் பாருங்கள். ஒரு கொத்தில் மஞ்சளாக இருக்கும் சின்னப் பூக்கள் புதியவை, தேனுள்ளவை, சிவந்தவை முடிந்தவை. பூச்சி மஞ்சளுக்குத்தான் போகும், அதனால் போகஸை அங்கேயே வையுங்கள். ஆனால் அதை வளவில் நட வேண்டாம், பரவிவிடும். தேள்கொடுக்குச் செடி காய்ந்து கிடந்தால் கறுப்பு, செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் அதன் சாற்றுக்காக மொய்த்து மயங்கி இருக்கும். அப்போது மிகக் கிட்டப் போகலாம்.

எல்லாவற்றிலும் நல்ல இடம் உங்கள் தேசிமரம்தான். பறவை எச்சம்போல் தெரிகிற சின்னப் புழுதான் பிறகு பச்சையாகி, கொப்பில் தன்னை நூலால் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். கூடு கறுத்து உள்ளே செட்டையின் நிறம் தெரிந்தால் அடுத்த நாள் காலை அங்கே நில்லுங்கள். வெளியே வந்த பூச்சி செட்டையை விரித்து உலர்த்த ஒன்றிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் தொங்கும், ஒரு செதில்கூட உதிராமல். தொடவோ கொப்பை அசைக்கவோ கூடாது. விழுந்தால் செட்டை கோணலாகவே காய்ந்துவிடும். வளர்ந்த தேசிமரம் பத்துப் புழுவுக்கு இலை கொடுத்தாலும் காய்க்கும். மருந்தடிக்க வேண்டாமென்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.