கிக்பொக்சிங் சாம்பியனாக இருக்கும் ஒருவர் சண்டைப் படங்களில் நடிக்க வர முடியுமா?

முடியும். கேட்டது ஒரு தம்பியாகத்தான் இருக்கும். மெடல் எல்லாம் சரி, இதால் சோறு கிடைக்குமா என்று வீட்டில் கேட்கத் தொடங்கியிருப்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள்.

ரித்திகா சிங் 2009 ஆசிய உள்ளரங்க விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்காகக் கிக்பொக்சிங் ஆடியவர். 2016இல் அவர் நடித்த ‘இறுதிச்சுற்று’ படம் வந்தது, தேசிய விருதில் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. ஆனால் ரிங்கில் பழகிய உடம்பு அப்படியே கமராவுக்குச் சரிவரும் என்று நம்பிப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன்.

திருகோணமலை டச்சுபே கடற்கரையில் ஒரு குறும்படம். நான் வில்லனின் ஆள். கதாநாயகனின் தலைக்குக் குறிவைத்து உதைத்து, ஒரு சாண் முன்னால் காலை நிறுத்தினேன். சுத்தமான உதை. சண்டை மாஸ்டர் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். கால் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. இரண்டு கையும் தாடைக்கு முன்னால் நின்றதில் என் முகமே இல்லை.

“நீ உதைக்கப்போறது எதிராளிக்குத் தெரியக்கூடாது என்று பழகியிருக்கிறாய் தம்பி. இங்கே கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் தெரியவேணும்” என்றார்.

அதைவிடக் கஷ்டம் அடி வாங்குவது. ரிங்கில் விலாவில் உதை விழுந்தால் முகத்தில் காட்டமாட்டோம். காட்டினால் அடுத்ததும் அங்கேதான் விழும். இங்கே காற்றில் போகிற குத்துக்குத் தலை தெறிக்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் அரை நொடி பிந்தியது. மணலில் விழுந்து விழுந்து முழங்கைத் தோல் உரிந்து, உப்புக்காற்றில் எரிந்தது. பத்து டேக் போயிற்று.

சாம்பியன்களுக்கு நடிப்பு வராது என்று சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். 1984இல் ‘வீல்ஸ் ஆன் மீல்ஸ்’ படத்தில் ஜாக்கி சானுடன் மோதிய பென்னி உர்கிடெஸ் உலகச் சாம்பியன்தான். அவர் உதைத்த வேகத்தில் மெழுகுதிரிகள் அணைவதை எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் அவர் அடி வாங்கும் இடங்களைப் பாருங்கள். போனைச் சுவரில் சாய்த்துவைத்து உங்களையும் படம் பிடித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. நாங்கள் பயிற்சி எடுத்த மண்டபத்தைக் கலியாணக் காலம் வந்தால் பூட்டிவிடுவார்கள். மெத்தைகள் விறாந்தையில் கிடந்து மாரி மழையில் ஊறும். எங்கள் கிக்பொக்சிங் மாஸ்டர் அவற்றை உப்புவெளியில் தன் வீட்டு முற்றத்துக்கு ஏற்றிப்போய்க் காயவைப்பார். மெடலோடு படம் எடுக்க வந்தவர்கள் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

குறும்படம் எடுத்த அன்றைக்கும் அவர் சைக்கிளில் வந்து கடற்கரையில் நின்றார். ஐந்து வருடமாக “கையைத் தூக்கடா” என்று என்னைக் கத்தின மனிதர், பத்தாவது டேக் முடிய கிட்ட வந்து, “கையை இறக்கடா, முகம் தெரியட்டும்” என்றார். அடுத்த டேக் ஓகே ஆனது.