வாசகர் கேள்வி: ஷூட்டிங் நடந்த ஊரைக் காசு கொடுத்துச் சுற்றிப் பார்க்கணுமா?

கேள்வி: அக்கா, மே மாதம் நானும் கணவரும் மகளும் குரோவேஷியா போகிறோம். மகளுக்கு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்கிற ஆங்கில டிவி தொடர் என்றால் உயிர். டுப்ரோவ்னிக்கில் அந்தத் தொடரை எடுத்த இடங்களுக்கெல்லாம் நடத்தியே கூட்டிப்போய்க் காட்டுகிறார்களாம். நாமே சுற்றிப் பார்த்துக்கொள்ளலாமே, அதற்கு எதற்குத் தண்டச்செலவு என்கிறார் கணவர். நான் ஒரு காட்சிகூடப் பார்த்ததில்லை. என்ன செய்யட்டும்?
- செம்பூர் வாசகி

பதில்: கண்டிப்பாகப் போங்கள், அதுவும் முதல் நாள் காலையிலேயே. நான் போனபோது எனக்கும் தொடர் அரைகுறையாகத்தான் தெரியும், ஆனால் அந்த இரண்டு மணி நேர நடையில்தான் ஊரே எனக்குப் பிடிபட்டது.

வழிகாட்டி கையில் லேமினேட் செய்த படங்கள் ஒரு கட்டு இருக்கும். ஓர் இடத்தில் நிறுத்தி, தொடரில் வந்த காட்சியின் படத்தை நம் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "இப்போது இதற்குப் பின்னால் பாருங்கள்" என்பார். அதே மதில், அதே கடல்தான், ஆனால் படத்தில் இருக்கிற கோபுரங்கள் சில அங்கே இருக்காது, அதெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்தது. முதல் சீசனில் கதையின் தலைநகரமாக வந்தது மால்டா, இரண்டாவது சீசனிலிருந்துதான் இந்த ஊர். இதெல்லாம் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும்.

உங்களுக்காகச் சொல்வது லோவ்ரியெனாட்ஸ் கோட்டை. கடலோரத்தில் 37 மீட்டர் உயரப் பாறைமேல் நிற்கிறது, கதையில் அரச மாளிகையாக வருவது. எதிரி வரக்கூடிய பக்கத்துச் சுவர் 12 மீட்டர் வரை தடிமன், ஊரைப் பார்த்த சுவரோ வெறும் 60 சென்டிமீட்டர். ஏன் என்றால், கோட்டைத் தளபதியே ஊருக்கு எதிராகத் திரும்பிவிட்டால் ஊர்க்காரர்கள் பீரங்கியால் அந்தச் சுவரை உடைத்து உள்ளே போய்விட வேண்டும்! ரகூசா என்ற பெயரில் 1808 வரை குடியரசாக இருந்த ஊர் அது. உலகத்துத் தங்கம் எல்லாம் கொடுத்தாலும் சுதந்திரத்தை விற்க முடியாது என்று கோட்டை வாசலுக்கு மேலே லத்தீனில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தொடரில் வந்த எந்த அரசியலும் எனக்கு இந்த மெல்லிய சுவர் அளவுக்கு மனதில் நிற்கவில்லை.

புக் செய்யும் முன்பு இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். குழுவில் எத்தனை பேர்? நாங்கள் முதலில் சேர்ந்த குழுவில் நாற்பது பேர், பின்னால் நின்ற எங்களுக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை, பாதியிலேயே விலகி மறுநாள் வேறொருவரோடு போனோம். அடுத்தது, வழிகாட்டி உள்ளூர்க்காரரா, 1991இல் யூகோஸ்லாவிய ராணுவம் ஊரை முற்றுகையிட்டதைப் பற்றியும் சொல்வாரா? எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண், பழைய ஊரின் நுழைவாயிலான பிலே வாசலுக்கு உள்ளே வந்ததும் படக்கட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். அங்கே சுவரில் ஒரு வரைபடம், எந்தெந்தக் கட்டடத்தில் குண்டு விழுந்தது என்று குறித்தது. அந்த வருடக் கடைசி மூன்று மாதமும் ஊரில் குழாய்த் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. டிசம்பர் 6ஆம் தேதி விழுந்த குண்டுகள்தான் மிக மோசம். அப்புறம் ஊரைச் சுற்றியுள்ள மதில்மேல் ஏறிப் பாருங்கள், பளிச்சென்று சிவந்திருக்கும் ஓடெல்லாம் அதற்குப் பிறகு மாற்றியது, மங்கிய ஓடுகள் தப்பித்தவை. மங்கியதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மதில் டிக்கெட் விலை கொஞ்சம் அதிகம்தான். அதிலேயே லோவ்ரியெனாட்ஸும் அடக்கம், தனியாக வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. இந்த நடைக்கு அழைத்துப் போகலாமா?
- முலுண்ட் வாசகர்

பதில்: முழு நடை வேண்டாம். எலிஃபண்டாவில் கிடைக்கிற மாதிரி டோலியெல்லாம் அங்கே கிடையாது. தொடரில் வரும் ராணி செர்சியின் அவமான ஊர்வலத்தை எடுத்த ஜெசூயிட் படிக்கட்டைக் கீழே நின்றே பார்க்கட்டும், ஒன்பது மணிக்கு மேல் அங்கே தாதர் பாலம் மாதிரி நெரிசல். ஸ்ட்ராடுன் என்கிற பெரிய தெரு சமதளம், 300 மீட்டர்தான், ஆனால் கால்பட்டுக் கால்பட்டு வழவழப்பான கல், மழை பெய்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம், நல்ல பிடிப்புள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள். நீங்கள் மதில் ஏறுகிற நேரத்தில் அவர் பழைய துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கட்டும். பிறகு எல்லோருமாகப் படகில் லோக்ரும் தீவுக்குப் போங்கள், கால் மணி நேரப் பயணம். அங்கே மயில்கள் காலடியில் திரியும், பழைய மடத்தில், தொடரில் வரும் இரும்புச் சிம்மாசனத்தின் நகல் இருக்கிறது, உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். தீவில் இரவு தங்க விடமாட்டார்கள், கடைசிப் படகு நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சைவம் கிடைக்குமா?
- மாட்டுங்கா வாசகி

பதில்: கிடைக்கும். 'பிளிட்வா' என்று கேளுங்கள், கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் வதக்கியது, கிட்டத்தட்ட நம் வீட்டுப் பொரியல்தான். கறுப்பு ரிசொட்டோ என்கிற சாதத்தை மட்டும் தொடாதீர்கள், அந்தக் கறுப்பு கணவாய் மீனின் மை. தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். பிலே வாசலைத் தாண்டியதும் 1438இல் கட்டிய ஒனோஃப்ரியோ நீரூற்று இருக்கிறது, அதில் பிடித்துக்கொள்ளுங்கள், ஜில்லென்று இருக்கும்.