ரிப்போர்ட்டை ஒளித்து வைத்த மகன்

கேள்வி: ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். இரண்டாவது டேர்ம் ரிப்போர்ட்டைப் பள்ளியில் இன்னும் தரவில்லை என்று லீவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அது அவன் மெத்தைக்கு அடியில் கிடைத்தது. கணிதத்தில் 34, ஃபிசிக்கல் சயன்ஸில் 38. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் மட்டும் 78. என் தாத்தா டர்பன் மாநகராட்சியில் தெருக் கூட்டியவர், மாநகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் வாழ்ந்தவர். என் அம்மா துணி ஃபாக்டரியில் தையல் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், அக்கவுண்டன்டாக இருக்கிறேன். இதையெல்லாம் தினமும் எடுத்துச் சொல்லியும் அவனுக்கு உறைக்கவில்லை. மருத்துவம் படிக்க வேண்டிய பையன் கணக்கில் ஃபெயில். அதைவிட, அவன் பொய் சொன்னதுதான் தாங்கவில்லை. போனை வாங்கி வைத்துவிட்டேன். ட்யூஷனை வாரத்தில் நான்கு நாளாக்கிவிட்டேன். அதற்கு, "நான் இல்லாம இருந்தா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று அவன் அம்மாவிடம் வசனம் பேசுகிறான். இந்தப் பொய்ப் பழக்கத்தை எப்படித் திருத்துவது?
(பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: ஐயா, பொய்யைப் பற்றி அப்புறம் பேசலாம். நீங்கள் வசனம் என்று எழுதித் தாண்டிப் போன அந்த வாக்கியத்தை நான் தாண்ட மாட்டேன். "நான் இல்லாம இருந்தா" என்று பதினாறு வயதுப் பையன் சொன்னால், அதை அப்படியே நம்பித்தான் ஆக வேண்டும். கோபத்தில் சொன்னதாகவும் இருக்கலாம். ஆனால் அதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம், அவனிடமே கேளுங்கள். இன்று ராத்திரியே, டிவியை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப் போகணும்னு உனக்குத் தோணுதாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அது உண்மையில்லை. கேட்டால் பிள்ளைக்கு நிம்மதி மூச்சுத்தான் வரும். ஆமாம் என்று சொன்னாலோ, பதிலே சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலோ, அவனைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பிள்ளைகளுக்கு உதவும் சைல்ட்லைன் அமைப்பின் எண் 116, காசு கிடையாது. மனச்சோர்வுக்கான சாடாக் அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, அதுவும் இலவசம். பெற்றோரும் கூப்பிட்டு யோசனை கேட்கலாம். போனைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு எண்களையும் அதில் நீங்களே பதிந்து கொடுங்கள். அவன் மனசு விட்டுப் பேசக்கூடிய கூட்டாளிகள் அந்தப் போனில்தான் இருக்கிறார்கள். இந்த நேரத்தில் அவர்களையும் பிடுங்கிக்கொண்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

பொய் சொல்லிப் பழகிய பையன் ரிப்போர்ட்டைக் கிழித்து எறிந்திருப்பான், அல்லது எண்ணைத் திருத்தியிருப்பான். உங்கள் மகன் அதைப் பத்திரமாக மெத்தைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறான். தூங்கினானோ என்னவோ. அந்த லீவு முழுக்க அவன் எப்படி இருந்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். வாசலில் உங்கள் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்கியிருக்கும். 34 வாங்கியது அவனுக்கும் வலிக்கிறது. அதைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறுமே, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அப்பா நம்மைப் பற்றி வைத்திருக்கிற எண்ணம் இதோடு முடிந்தது என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், அந்த முடிவைத் தள்ளிப்போட எதையும் செய்யும். இது உங்கள்மேல் மதிப்பில்லாத பையன் செய்கிற காரியம் இல்லை ஐயா. உங்கள் மதிப்பைத் தவிர வேறு எதையும் பெரிதாக நினைக்காத பையன் செய்கிற காரியம்.

உண்மையைச் சொல்வதற்கு உங்கள் வீட்டில் என்ன விலை என்று பாருங்கள். சொல்லாமல் இருந்தால் நிம்மதியாகச் சில நாள். சொன்னால் போன் போகும், ட்யூஷன் கூடும், தாத்தா கதை மறுபடி ஆரம்பிக்கும். அவன் கணக்கில் சுமாராக இருக்கலாம், ஆனால் இந்தக் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான். பொய் நிற்க வேண்டும் என்றால் இந்த விலை இறங்க வேண்டும். அடுத்த ரிப்போர்ட்டில் என்ன இருந்தாலும் முதல் நாள் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள். ஒருமுறை மீறினாலும் பழைய நிலைதான்.

தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேகசின் பேரக்ஸ் என்றதும் என் கை கொஞ்சம் நின்றுவிட்டது. மாநகராட்சித் தொழிலாளிகளாக இருந்த நம் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் அந்த நெருக்கடியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அப்புறம் 1960-களில், இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடிவைத்த குழுப் பகுதிச் சட்டத்தின் பெயரால் அங்கிருந்து கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். அந்த வாழ்க்கையிலிருந்து வெளியேற நம்மவர்களுக்கு இருந்த ஒரே கதவு படிப்பு. நிலம் வாங்கத் தடை, நல்ல வேலைக்குத் தடை, ஓட்டு கிடையாது. அதனால்தான் கைக்காசைப் போட்டு ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1920-களின் இறுதியில் டர்பனில் எழுந்த சாஸ்திரி கல்லூரிக்கும் நம் மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்து வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்து, பிறகு இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்த சீனிவாச சாஸ்திரியின் பெயர்தான் அதற்கு. ஆக, படிப்பின்மேல் உங்களுக்கு இருக்கும் வெறி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தக் கதையை எப்போது எடுக்கிறீர்கள்? மதிப்பெண் குறைந்த அன்றைக்கு எடுக்கிறீர்கள். தெருக் கூட்டிய தாத்தாவும் மிஷினில் குனிந்து தைத்த ஆயாவும் அந்தப் பையனுக்குக் கடன்காரர்களாக வந்து வாசலில் நிற்கிறார்கள். அவன் பிறப்பதற்கு முன்பே வாங்கிய கடன், எவ்வளவு கட்டினாலும் தீராத கடன். உங்கள் அம்மா உயிரோடு இருந்தால் அவரிடமே கேட்டுப் பாருங்கள், பேரனைப் பயமுறுத்தத் தன் கஷ்டத்தைப் பயன்படுத்த ஒப்புக்கொள்வாரா? அந்தக் கதையை அவனுக்குச் சொல்லுங்கள், ஆனால் ரிப்போர்ட் மேசையில் இல்லாத நாளில் சொல்லுங்கள். தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது சொல்லுங்கள். காவடிக்குப் போகிற வழியில் சொல்லுங்கள்.

நம் கோவில் நிகழ்ச்சிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வின் ரிசல்ட் வந்ததும் ஏழு 'ஏ' எடுத்த பிள்ளைகளை மேடையேற்றி மாலை போடுகிறோம். போடட்டும், உழைத்த பிள்ளைகள். ஆனால் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மற்ற பிள்ளைகளுக்கு அந்த மாலை என்ன சொல்கிறது என்று எந்தக் கமிட்டியும் யோசிப்பதில்லை. அவர்களுக்கும் ஒரு மேடை வேண்டும் என்று நான் எழுதி எழுதிச் சலித்துவிட்டேன், ஆனாலும் எழுதுவேன்.

இனி கணக்கு. நீங்கள் அக்கவுண்டன்ட் என்பதால் நேராகவே பேசுகிறேன். நம் மெட்ரிக் விதிப்படி கணிதத்தில் 34 ஃபெயில் கிடையாது. வீட்டு மொழியிலும் வேறு இரண்டு பாடங்களிலும் 40, இன்னும் மூன்று பாடங்களில் 30 வேண்டும். அவ்வளவுதான். பட்டப்படிப்புக்கான பாஸுக்கு, வாழ்க்கைத் திறன் பாடமான லைஃப் ஓரியன்டேஷன் தவிர நான்கு பாடங்களில் 50 வேண்டும். அதில் கணிதம் இருந்தாக வேண்டும் என்று இல்லை. அதே சமயம் உங்களுக்கு வீண் ஆறுதலும் சொல்ல மாட்டேன். 34-ஐ வைத்துக்கொண்டு மருத்துவத்துக்குப் போக முடியாது, பொறியியலுக்கும் போக முடியாது, உங்கள் தொழிலுக்கும் வர முடியாது.

அப்படியானால் இந்த 34 எங்கிருந்து வந்தது? இப்போது பத்தாம் வகுப்பு என்றால் 2020-ல் அவன் சின்ன வகுப்பில் இருந்திருப்பான். கோவிட் வந்து பள்ளிகள் மூடிக் கிடந்தன. திறந்த பிறகும் 2022 தொடக்கம் வரை பல பள்ளிகளில் பிள்ளைகள் முறை வைத்துத்தான் வகுப்புக்குப் போனார்கள். பின்னமும் விகிதமும் சதவீதமும் பிடிபட வேண்டிய வருஷங்கள் அவை. அந்த அடித்தளத்தில் ஓட்டை இருந்தால் பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவை வாரத்துக்கு நான்கு நாள் என்ன, ஏழு நாள் சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது. ஒரு நல்ல ஆசிரியரிடம் உட்காரவைத்து, அவனுக்கு எந்த வகுப்புப் பாடத்தில் கால் இடறுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஆறாம் வகுப்புப் பாடம் என்று தெரிந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள், அதில் கேவலம் எதுவும் இல்லை. எண்களைக் கண்டாலே குழம்புகிற இயல்பான கோளாறு சில பிள்ளைகளுக்கு உண்டு. பள்ளி வழியாகக் கல்வி உளவியலாளரிடம் காட்டினால் தெரிந்துவிடும். அப்புறம் பயம் என்று ஒன்று இருக்கிறதே, அதுவே மதிப்பெண்ணைத் தின்னும். பரீட்சை ஹாலில் அடுத்த வரியை யோசிக்க வேண்டிய மூளை அப்பாவின் முகத்தை யோசித்துக்கொண்டிருந்தால் தெரிந்த கணக்கும் தப்பாகும்.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் முடியவில்லை என்றால், கணிதத்துக்குப் பதிலாக எடுக்கக்கூடிய, அன்றாட வாழ்க்கைக் கணக்குப் பாடமான மேட்ஸ் லிட் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் பள்ளியின் அனுமதியோடு மாற்றிக்கொள்ளலாம். அது மருத்துவக் கதவையும் பொறியியல் கதவையும் மூடும், அதை அவனிடம் மறைக்காதீர்கள். ஆனால் ஆசிரியப் பயிற்சியில் சில பிரிவுகளும், சமூக அறிவியலும், பல இடங்களில் சட்டமும் திறந்தே இருக்கும். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு நிபந்தனை.

அப்புறம் அந்த 78. நீங்கள் 'மட்டும்' போட்டு எழுதிய 78. வரைபடத்தைப் பார்த்து ஒரு பொருளை மனக்கண்ணில் திருப்பிப் பார்க்கத் தெரிந்த பையன் அவன். மருத்துவம் என்பது யாருடைய ஆசை என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், அவனுடையது என்று ஒரு வரிகூட இல்லை. எம்.எல். சுல்தான் ஒப்பந்தத் தொழிலாளியாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர். அவர் பெரும் பணம் கொடுத்து உருவானது தொழில்நுட்பக் கல்லூரி. இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குள் கலந்திருப்பதும் அதுதான். கைத்தொழிலும் வரைபடமும் கற்பிப்பதற்காக நம் முன்னோர் காசு கொடுத்திருக்கிறார்கள். அங்கேயும் தொழிற்பயிற்சி தரும் டிவெட் கல்லூரிகளிலும் என்னென்ன படிப்பு இருக்கிறது என்று அவனோடு சேர்ந்து விசாரியுங்கள். அங்கும் கணக்கு கேட்பார்கள். கையில் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு அதற்காகக் கணக்குப் போடும்போது சில பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது.

இந்த வாரமே கணித ஆசிரியரையும் கிராஃபிக்ஸ் ஆசிரியரையும் பார்க்க நேரம் கேளுங்கள். மகனையும் கூட்டிப் போங்கள். கிராஃபிக்ஸ் ஆசிரியரை முதலில் பாருங்கள். ட்யூஷனை இரண்டு நாளாகக் குறையுங்கள். ஆசிரியர்கள் அவனைக் கேள்வி கேட்டால் அவனே பதில் சொல்லட்டும், நீங்கள் குறுக்கே பேச வேண்டாம்.